முகாமைச் சுற்றிப் போகும் சைக்கிள் பாதை

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு கடவுச்சீட்டு வந்தது. கடும் நீல அட்டை, பொன்னிற எழுத்து, ஒரு பக்கம் கங்காரு, மறுபக்கம் ஈமு. உள்ளே என் தங்கை ஆதிரையின் படம். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம் என்பதால் யாரோடோ கோபித்துக்கொண்டு நிற்பவள்போல இருக்கிறாள். அவளுக்குப் பத்து வயது.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து அதை வாங்கினார். மெல்பேர்னுக்கு வெளியே, வெரிபீக்குத் தெற்கே உள்ள தோட்டங்களில் பகலெல்லாம் கோவா என்கிற முட்டைக்கோஸ் வெட்டுகிற கை. எவ்வளவு கழுவினாலும் நகத்தடியில் மண் இருக்கும். கடவுச்சீட்டைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, அட்டையில் திருநீறு பூசினார்.

"அம்மா! யூ ஆர் மேக்கிங் இட் டேர்ட்டி!" என்று கத்தினாள் ஆதிரை.

"சாமிக்கு வைச்சுத்தான் எடுக்கோணும், குஞ்சு. பறக்கிற சாமான்."

"பறக்கிறது நான். பாஸ்போர்ட் இல்லை."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பறக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறோம் என்றதும் எங்கள் எல்லோரையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறீர்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே நாங்கள் ஒரே மாதிரி இல்லை. அப்பாவும் அம்மாவும் நானும் படகில் வந்தவர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் அகதிக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். அதற்கு மேலே செய்த மேன்முறையீடுகளும் சரிவரவில்லை. இப்போது எங்களிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா, தற்காலிகமாக இருக்க விடுகிற அனுமதி. வேலை செய்யலாம், வரி கட்டலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த நிமிடமே அது முடிந்துவிடும். திரும்பி வர வழி கிடையாது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், இங்கிருந்து போவதற்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். ஒவ்வொரு முறையும் நான்தான் மூன்று பேருக்கும் பதில் எழுதுகிறேன்.

ஆதிரை இங்கே பிறந்தவள். இங்கே பிறந்து பத்து வயதுவரை இங்கேயே வளர்கிற பிள்ளைக்கு, தாய் தகப்பனிடம் என்ன விசா இருந்தாலும், பத்தாவது பிறந்தநாளில் குடியுரிமை தானாகவே வந்துவிடும். அவள் கேக் வெட்டினாள், குடியுரிமை வந்தது. அவளை யாரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. அவளுடைய பயம் நம்பத்தக்கதா என்று யாரும் எடைபோடவில்லை.

எனக்கு அவள்மீது பொறாமை இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

2

நான் படித்தது நில அளவையும் வரைபடங்களும் சார்ந்த பொறியியல். ஒரு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகை தந்ததால் படித்தேன். இப்போது செய்கிற வேலையைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் சுற்றுலாப் பாதைகள் அமைக்கிறேன், மெல்பேர்னில் இருந்துகொண்டு.

எங்கள் நிறுவனம் சிறியது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அவுஸ்திரேலியர்கள். பல்வைத்தியர்கள், பள்ளி அதிபர்கள், காணி விற்றவர்கள். இங்கிலாந்து போய் ஆறு நாள் சைக்கிள் ஓடுவார்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் முன்னால் போய்விடும். சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சின்னத் திரை பூட்டியிருக்கும். அதில் ஒரு கோடு தெரியும். திரும்ப வேண்டிய இடத்தில் சத்தம் போட்டு ஒரு வரி காட்டும். அந்தக் கோட்டைப் போடுவதும் அந்த வரியை எழுதுவதும் நான்.

வானிலிருந்து எடுத்த படங்கள், மேடு பள்ளத் தரவுகள், றோட்டோரப் படங்கள், உள்ளூர்ச் சபைகளின் அறிவித்தல்கள் இவற்றை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். எனக்குத் தெரிந்தவற்றில் சில:

மாடுகள் தாண்டாமல் இருக்க றோட்டுக்குக் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் கம்பிகள் மழையில் சறுக்கும். இறங்கி உருட்டச் சொல்ல வேண்டும்.

வரைபடத்தில் நடைபாதை என்று போட்டிருந்தால் சைக்கிள் போகக் கூடாது. குதிரைப்பாதை என்றிருந்தால் போகலாம். இரண்டும் பார்வைக்கு ஒரே புல்லுத்தான்.

வசந்தம் முடியும்போது வேலிச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். வளைவில் எதிரே வரும் டிராக்டர் தெரியாது.

கொட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளில் கடும் ஏற்றம் ஒன்றின் உச்சியில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. திங்கட்கிழமை பூட்டு. ஆகவே அந்த ஏற்றத்தைத் திங்கட்கிழமையில் வைக்கக் கூடாது.

இந்தக் கடையின் கதவு என்ன நிறம் என்றும் எனக்குத் தெரியும். உள்ளே என்ன மணக்கும் என்று தெரியாது.

வாடிக்கையாளர்கள் திரும்பி வந்து எழுதுவார்கள். "அந்த ஆலமரம்போன்ற பெரிய மரத்தடியில் எங்களை நிறுத்தினீர்களே, நீங்களும் அங்கே நின்று மூச்சு வாங்கியிருக்கிறீர்கள், நிச்சயம்" என்று ஒரு பெண்மணி எழுதினார். (அவர் ஓக் மரம் என்றுதான் எழுதினார். ஆலமரம் என்றால்தான் உங்களுக்கு அளவு விளங்கும்.) நான் வெரிபீயிலிருந்து போகும் ரெயினில் இருக்கை கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதை வாசித்தேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாதைக்கும் அச்சிடும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "இந்தப் பாதையை ஓடிப் பார்த்தவர்" என்று ஒரு பெயர் இருக்கும். ஓடிப் பார்த்தவருக்குத்தான் பெயர். வரைந்தவருக்கு இல்லை. நான் செய்த பாதைகள் எதிலும் என் பெயர் இல்லை.

3

இந்தக் கோடையில், பெப்ரவரியில், முதலாளி கிரெக் என்னைக் கூப்பிட்டார். கிரெக் கெட்ட மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதர் என்றால் இந்தக் கட்டுரை சுலபமாக இருந்திருக்கும்.

"மே மாதம் நீ இங்கிலாந்து போகிறாய்," என்றார். "வில்ட்ஷயர் பாதை முழுக்க உன்னுடையது. நீயே ஓடிப் பார். திரும்பி வந்ததும் பாதைப் பிரிவுக்கு நீதான் தலைமை."

அந்தப் பதவிக்காகத்தான் நான் இரண்டு குளிர்காலமாக வேலை செய்துகொண்டிருந்தேன். வில்ட்ஷயரின் சுண்ணாம்பு மேடுகளை என் உள்ளங்கையைவிட நன்றாக அறிந்திருந்தேன்.

"என்னால் போக முடியாது," என்றேன்.

"சைக்கிள் ஓடத் தெரியாதா?" அவர் சிரித்தார்.

"தெரியும். போனால் திரும்பி வர முடியாது."

"விசாதானே? அதற்கு ஒரு முகவர் இருக்கிறார். இங்கிலாந்து விசா ஒரு பெரிய விஷயமே இல்லை."

"இங்கிலாந்து விசா பற்றி நான் சொல்லவில்லை. இந்த நாட்டு விசாவைச் சொல்கிறேன்."

"ஆனால் நீ இங்கேதானே இருக்கிறாய்?"

"ஓம்."

பதற்றத்தில் 'யெஸ்' வராமல், ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற ஓம் வாயில் வந்துவிட்டது. அவர் மரியாதையாகக் காத்திருந்தார். நான் மூச்சுப் பயிற்சி செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிறகு நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அமைதியாக, ஒவ்வொன்றாக. எனக்கு அது பழக்கம். என் வாழ்க்கையை அந்நியர்களுக்கு விளங்கும்படி ஒழுங்குபடுத்திச் சொல்வதில் எனக்கு உள்ள தேர்ச்சி, வரைபட வேலையில்கூட இல்லை. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஆனால் நீ எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறாய்," என்றார்.

உச்சரிப்புப் பார்த்து விசா கொடுக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லக் கூடாது. கோயிலில் ஒரு அன்ரி என் கன்னத்தைத் தடவி, "வடிவான பிள்ளை, படிச்ச பிள்ளை, ஒரு சிட்டிசனைப் பாத்துக் கட்டிப்போட்டு நிம்மதியா இரன்" என்றார். மருந்துக்குறிப்பு எழுதித் தருவதுபோலச் சொன்னார். சிட்னியிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்திருந்த அங்கிள், படிப்புக்கும் வேலைக்கும் புள்ளி போட்டு விசா கொடுக்கிற வழியால் வந்தவர், இன்னும் நேராகச் சொன்னார்: "நாங்கள் எல்லாம் பொயின்ற்ஸ் எடுத்து, லைனிலை நிண்டு வந்தனாங்கள்." நான் அவரிடம், "அங்கிள், எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை லைன் எங்கை தொடங்கினது எண்டு ஒருக்காக் காட்டுவீங்களோ?" என்று கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அங்கிள் வடையை எடுத்துக்கொண்டு வேறு கதிரைக்குப் போய்விட்டார்.

கிரெக் என்னுடைய பயணத்தை ஹனாவுக்குக் கொடுத்தார்.

4

ஹனா என்னோடு வேலை செய்பவள். என் வயது. மேட்டில் நின்றுகொண்டே மிதிப்பாள், நல்ல கால். வரைபடம் பார்த்து ஏற்றம் இறக்கம் சொல்லத் தெரியாது. போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "இது உன்னுடைய பயணம், எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். வெட்கப்பட்டாள், போனாள். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

மூன்றாம் நாள் அவள் கூப்பிட்டாள். அங்கே காலை, எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். நான் குசினியில் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டு நின்றேன். தொலைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்தேன். திரையில் ஒரு பச்சை மேடு, வெள்ளைக் கீறலாகச் சுண்ணாம்புப் பாதை, காற்று இரைகிற சத்தம். அப்பாவும் ஆதிரையும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா குளிர்க்களஞ்சிய வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறவர். ஹனாவின் சைக்கிளைப் பார்த்து, "கரியர் இல்லாத சைக்கிளும் ஒரு சைக்கிளே?" என்றார்.

"உன் பாதை என்னை இடது பக்கம் திரும்பச் சொல்கிறது," என்றாள் ஹனா. "அங்கே பெரிய மேடு. ஏறி, சுற்றி, இதே றோட்டுக்கே திரும்பி வருகிறது. நேரே பார், தட்டையான நல்ல றோட். ஏன் சுற்றிப் போகிறாய்?"

நேரே என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். அவள் தொலைபேசியைத் திருப்பினாள். ஒரு வாசல். பச்சைக் கம்பிவேலி. தடுப்புக் கட்டை. ஒரு சிப்பாய் குவளையில் எதையோ குடித்துக்கொண்டு நின்றான். றோட்டு வேலிக்கு வெளியே, வாசலுக்கு முன்னால், நேராகப் போனது.

"ஆமிக் காம்ப்!" அப்பா கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். "பிருந்தா, அந்தப் பிள்ளையை அதிலை நிக்க வேண்டாமெண்டு சொல்லு. ஃபோனை உள்ளுக்கு வைக்கச் சொல்லு. படம் எடுக்கிறாள் எண்டு நினைப்பாங்கள்."

"தனியவோ நிக்குது?" என்றார் அம்மா.

"இட்ஸ் இங்லண்ட், அப்பா," என்றாள் ஆதிரை.

"காம்ப் எங்கையும் காம்ப்தான். சொல்லு பிள்ளை, கெதியிலை!"

நான் சொல்லவில்லை. ஆனால் துருவலையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹனா தொலைபேசியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நேரே மிதித்தாள். வாசல் கிட்ட வந்தது. சிப்பாய் குவளையை உயர்த்திக் காட்டினான். ஹனா கையசைத்தாள். வாசல் கடந்து போய்விட்டது. அவ்வளவுதான். பிறகு இரண்டு பக்கமும் மஞ்சள் பூ வயல்.

"பார்த்தாயா? அழகான றோட். சிவப்புக் கொடி ஏற்றி, சுட்டுப் பழகுகிற நாளில் மட்டும்தான் உள்றோட்டுகளை மூடுவார்களாம், இது எப்போதும் திறந்தேதான் இருக்குமாம்," என்று ஹனா சொல்லிக்கொண்டே போனாள்.

அப்பா கோப்பையை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "என்ன எண்டாலும் நீ சுத்தி விட்டதுதான் சரி," என்றார்.

5

எனக்கு அப்படி விட்டது ஞாபகம் இல்லை.

அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நான் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் வைத்துத்தான் கோடு போடுகிறவள். வாகனம் அதிகம், ஏற்றம் அதிகம், தேநீர்க்கடை பூட்டு, ஏதாவது இருக்கும். அந்த இடத்தில் நான் எழுதி வைத்திருந்த காரணம் "காட்சி நன்று". மேட்டில் ஏறினால் காட்சி நன்றாகத்தான் இருக்கும். எந்த மேட்டிலும் இருக்கும்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் நான் செய்த மற்றப் பாதைகளைத் திறந்தேன். யோர்க்‌ஷயரில் ஒரு முகாம். என் கோடு அதற்கு ஒரு கிராமம் முன்னாலேயே விலகி, ஆற்றங்கரையால் போய், அப்பால் ஏறுகிறது. காரணம்: "நிழல்". வேல்ஸ் எல்லைக்குக் கிட்ட இன்னொன்று. காரணம்: "அமைதியான ஒழுங்கை", அதாவது ஒடுங்கிய சந்து. பழைய விமான ஓடுதளம் ஒன்று, இப்போது அங்கே ஆமியே இல்லை, ஆடு மேய்கிறது. அதையும் சுற்றியிருக்கிறேன். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எத்தனை பல்வைத்தியர்களும் அதிபர்களும் காரணம் தெரியாமல் அந்த மேடுகளில் முக்கி முனகி ஏறியிருப்பார்கள்!

எங்கள் ஊரான வலிகாமம் வடக்கை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நேர் றோட்டு ஒன்று இருந்தது. இருந்தது என்று சொன்னார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அது ஆமியின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. முள்ளுக்கம்பி, மண் நிரப்பிய பீப்பாக்கள், சிப்பாய் காவல் நிற்கும் ஒரு சென்றி. அதற்கு முன்னாலேயே அப்பா சைக்கிளைத் திருப்பி ஒழுங்கைக்குள் விடுவார். நான் முன்னால் சைக்கிள் பாரில் இருப்பேன். அந்த இடத்தில் எங்கள் பேச்சு தானாகவே நின்றுவிடும். ஒழுங்கை முடிந்து மறுபடியும் றோட்டில் ஏறியதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவோம். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் தூரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதைதான் தூரம் என்று வளர்ந்தபிறகு விளங்கியது.

அந்த நேர் றோட்டை அளந்து பார்க்க எனக்கு இப்போது ஒரு நிமிடம் போதும். பார்த்தேன். ஒரு குழந்தை நடந்துபோகிற தூரம்.

என் பயம் நம்பத்தக்கதல்ல என்று எழுதிய முடிவுக் கடிதம் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நேர்முகத்தில் என்னிடம் தேதிகள் கேட்டார்கள். எந்த மாதம், எந்த நேரம், எத்தனை சிப்பாய்கள். பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்த தேதிகள் பரீட்சைத் தேதிகள் மட்டும்தான். முகாமைக் கண்டால் எப்படித் திரும்புவாய் என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு தாளும் பென்சிலும் தந்திருந்தால், உலகத்தின் எந்த ஊரிலும் போட்டுக் காட்டியிருப்பேன். இங்கிலாந்தில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அழகாக அச்சிட்டு, ஆறு நாள் சுற்றுலாவாக விற்றிருக்கிறார்கள்.

6

புதன்கிழமை, கடவுச்சீட்டு வந்த மறுநாள், கிரெக் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஹனா திரும்பி வந்திருந்தாள், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது.

சுற்றி விட்டதை நானே சொன்னேன். வேறு யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் என் பிழையை நானே சொல்வது என் வழக்கம். காரணத்தையும் சொன்னேன். இரண்டு மூன்று வசனத்தில், குரல் உயர்த்தாமல்.

கிரெக்கின் கண் கலங்கியது.

"இதை நாம் கையேட்டில் போட வேண்டும்," என்றார். "முன்பக்கத்தில். உன் படத்தோடு. ஒரு சின்னப் பெண், போர், சைக்கிள், தகப்பன், இப்போது இந்த அழகான பாதைகள். மக்கள் உருகிப்போவார்கள்."

"தலைமைப் பதவி?" என்று கேட்டேன்.

அவர் ஹனாவைப் பார்த்தார். ஹனா மேசையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்தானே. ஓடிப் பார்த்தவர்தான் தலைமை. அதுதான் எங்கள் நாணயம். ஓடியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது, இல்லையா? ஹனாவுக்கு நீ எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பாய்."

நான் ஒன்று கேட்டேன்.

"கொட்ஸ்வோல்ட்ஸ் பாதையில் யாருடைய பெயர் இருக்கிறது?"

"என்னுடையது."

"உங்கள் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த வருடம் அது. நீங்கள் காரில் போனீர்கள். உங்கள் மனைவி ஓட்டினார். ஏற்றங்களை எல்லாம் நான்தான் இங்கிருந்து உங்களுக்குச் சொன்னேன். கையேட்டில் 'ஓடிப் பார்த்தவர்' என்று இருக்கிறது."

"அது வேறு."

"எப்படி வேறு?"

"எனக்கு முழங்கால், பிருந்தா."

"எனக்கு விசா, கிரெக்."

ஹனா மெதுவாக, "அவள் சொல்வது நியாயம்," என்றாள். அவள் அதைச் சொன்னதற்காக நான் அவளை மதிக்கிறேன். சொன்ன பிறகும் பதவி அவளுக்குத்தான் போனது.

என் படத்தையும் கதையையும் போட அனுமதிக்க மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாகக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கேட்டேன்: "இந்தப் பாதையை வரைந்தவர் பிருந்தா. அவர் நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வர அனுமதி இல்லாததால், இதை ஓடிப் பார்க்கவில்லை." விடுமுறைக்குப் போகிறவர்கள், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றார் கிரெக். வரியின் முதல் பாதியைப் போடலாம் என்றார். கதை போடலாம், படம் போடலாம், போர் போடலாம். இரண்டாம் பாதியைத்தான் போட முடியாது. எங்கோ தூரத்தில் யாரோ செய்த கொடுமையை அவர்கள் கண்ணீரோடு வாசிப்பார்கள். தங்கள் வீட்டு வாசலில் தங்கள் பெயரில் நடப்பதை வாசிக்கச் சங்கடப்படுவார்கள்.

"இரண்டு பாதியும் வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்," என்றேன்.

ஒன்றும் இல்லை என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்தது. கிரெக்கின்மேல் இல்லை, என்மேல்.

"பேர் போடுறன் எண்டு சொன்னவரே? போடட்டும் எண்டு விடுறதுக்கு என்ன? வேலையையும் துலைச்சுப்போட்டு நிக்கப்போறியே?"

"வேலை போகேல்லை, அப்பா."

"போனால்? அடுத்தமுறை விசா எழுதேக்கை வேலை இல்லை எண்டு எழுதுவியே? இவ்வளவு காலமும் தலையைக் குனிஞ்சு இருந்திட்டம். இன்னும் கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

அவரிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டால் பதில் வருவதில்லை என்பதால் வீட்டில் கேட்டுவிடுகிறோம்.

ஆதிரை சாப்பாட்டு மேசையில் இருந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "ஸோ ஐ கேன் கோ, அண்ட் யூ கான்ட்? ஃபோர் ரியல்?" என்றாள். அவளுக்கு இது தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தெரிந்திருக்கவில்லை. நாங்கள் நால்வரும் ஒன்றாகத்தான் எங்கும் போகாமல் இருக்கிறோம் என்று, காசில்லாத வீடு என்று, அவள் பத்து வருடமும் நினைத்திருக்கிறாள். "தட்ஸ் ஸோ டம்ப்," என்றாள். பிறகு சாமித்தட்டுக்குப் போய், திருநீறு பூசிய கடவுச்சீட்டை எடுத்து, பள்ளிக்கூடப் பையின் அடியில் போட்டு மூடினாள். அம்மா தடுக்கவில்லை.

7

வெள்ளிக்கிழமை நான் வில்ட்ஷயர் பாதையைத் திருத்தினேன். கோபத்தில் வேலையைக் கெடுக்கிற ஆள் நான் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய யாரோ ஒருவர் என் பயத்துக்காக மேடேறத் தேவையில்லை.

மேட்டைச் சுற்றிப் போன கோட்டை அழித்தேன். முகாம் வாசலுக்கு முன்னால் நேராக ஒரு புதுக் கோடு போட்டேன். சுட்டியை இழுக்கும்போது என் கை அந்த இடத்தில் நின்றது. திரும்பவும் பிடித்து இழுத்தேன். யோர்க்‌ஷயரிலும் வேல்ஸ் எல்லையிலும் அதையே செய்தேன். ஆடு மேய்கிற ஓடுதளத்தையும் விடவில்லை. எல்லாக் கோடுகளும் நேராகிவிட்டன.

ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் கைப்பிடித் திரையில் தோன்றுவதற்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. வழக்கமாக "கம்பிகள், இறங்கி உருட்டவும்", "வளைவு, டிராக்டர் வரலாம்" என்று எழுதுவேன். முகாம் வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி வைத்து, இப்படி எழுதினேன்:

"நேரே போகலாம். உங்களை யாரும் மறிக்கமாட்டார்கள்."

கிரெக் வந்து என் தோளுக்கு மேலால் அதை வாசித்தார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. நல்லாயிருக்கிறது, வாடிக்கையாளர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்.

ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே விடச் சொன்னார்.